விரிசலைப் பெரிசாக்குகிறாள்

அத்தியாயம் 11

இப்போதெல்லாம் யாரும் ஒரு பொருளைக் கையால் தொட்டுப் பார்ப்பதில்லை. போனை நீட்டுகிறார்கள். ஒருத்தன் வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கிறது, வீட்டுக்காரன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான், ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்போம் என்கிற நினைப்பு ஒருவருக்கும் கிடையாது. பானெட்டில் சாய்ந்து, வாயைக் குவித்து, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். போகிறவர்கள் சும்மாவும் போவதில்லை. "ஓடுமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் பைக்கைக் கிளப்பிவிடுகிறார்கள்.

ஓடும். அதைத்தான் பத்து வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம். நான் கோட்டைச்சாமி. அருப்புக்கோட்டையில் பஞ்சு மில் வைத்திருந்த ஒரு முதலாளிக்கு டிரைவராக இருந்தவன். முதலாளி செத்து, மில்லை மூடியபோது, அவர் மகன் ஆஸ்டின் காரைக் காட்டி, "இடத்த அடைக்குது, இழுத்துட்டுப் போ" என்றார். டிராக்டரில் கட்டி எம்.ரெட்டியபட்டிக்கு இழுத்து வந்தேன். வருஷக்கணக்கில் அதில் கோழி அடைந்தது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற என் மகள் துர்காதேவி அதற்கு உயிர் கொடுத்தாள். உயிர் வந்த சத்தம் முதலாளி பேரன் காது வரைக்கும் போய்விட்டது. மதுரை ரோட்டில் ஓட்டல் கட்டுகிறார். அதன் வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் இந்தக் காரை நிறுத்த வேண்டுமாம். கொடுத்தால் என் மகன் பாண்டிராஜுக்கு அங்கே மேனேஜர் வேலை.

போன வாரம் அக்காவும் தம்பியும் விடிய விடியக் கத்தி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தல்குடியில், சார்ஜா கார் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்த நம் ஹபீப் ரகுமான் மகள் ஆசிபாவுக்கு நிக்காஹ். அது முடிந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போய் மாப்பிள்ளை வீட்டில் இறக்கிவிட்டு, கார் தானாக வீடு திரும்பினால் அது துர்காவுக்கு. அவள் அதைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓட்டிப் பிழைத்துக்கொள்ளலாம். வழியில் நின்றுபோனால் திங்கட்கிழமை ஓட்டலுக்குப் போய்விடும்.

என்னை யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் துர்கா வேப்பமர நிழலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு, ஸ்டீரிங்கை அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் நான்தான் கழற்றிக் கொடுத்தேன். ஹாரன் மூடிக்கு அடியில் ஒரு பெரிய நட்டு இருக்கும். அதை எடுத்துவிட்டால் சக்கரம் கையோடு வந்துவிடும். நட்டைத் துடைத்து வேட்டி மடியில் செருகிக்கொண்டேன். இந்த வீட்டில் கீழே வைத்த சாமான் மறுநாள் வைத்த இடத்தில் இருந்ததில்லை.

அந்த ஸ்டீரிங் உள்ளே இரும்பு வளையம், மேலே கறுப்பாகக் கெட்டி பிளாஸ்டிக். வெயில் பட்டால் இரும்பு ஒரு மாதிரி விரியும், பிளாஸ்டிக் ஒரு மாதிரி விரியும். எங்கள் பக்கத்து வெயிலில் இத்தனை வருஷம் கிடந்தால் வாய் பிளக்காமல் என்ன செய்யும். மூன்று கம்பியும் வளையத்தில் சேருகிற இடங்களில் நகம் போகிற அளவுக்கு விரிசல். வளைவில் ஒடித்துத் திருப்பினால் உள்ளங்கைச் சதையைக் கவ்விக்கொள்ளும். நான் ஓட்டினபோது மேலே கயிறு சுற்றி வைத்திருந்தேன். யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை.

துர்கா கயிற்றை அறுத்துத் தூரப் போட்டுவிட்டாள். தின்னரில் துணியை நனைத்து அழுக்கைத் துடைத்தாள். பிறகு ஒரு உடைந்த ரம்ப பிளேடை எடுத்து விரிசலுக்குள் விட்டு அறுக்க ஆரம்பித்தாள்.

நான் எழுந்து நின்றேன்.

"ஏத்தா, என்ன செய்யிற நீ?"

"பாத்தா தெரியலையாய்யா? விரிசல அடைக்கிறேன்."

"அடைக்கிறவ எதுக்கு அறுக்கிற? நூலு மாதிரி இருந்தத வாய்க்கா மாதிரி ஆக்கிட்டியே."

"வாய்க்கா மாதிரி இருந்தாத்தான் பசை உள்ள எறங்கும். மேலாப்புல தடவுனா ரெண்டே நாள்ல பேந்து வந்துரும்."

"யாரு சொன்னா?"

"ஹபீப் மாமா சொன்னாக. சார்ஜால அவுக பாத்த வேலையே இதுதான."

"சார்ஜாவுல ஆயிரம் சொல்லுவாக. அங்க ஏ.சி. போட்டு வச்சு வேலை பாப்பாக. இங்க கோழி மிதிக்குது."

அவள் சிரிக்கவில்லை. முக்கோண அரத்தை எடுத்து, வெட்டின வாயை இரண்டு பக்கமும் சரித்து ராவினாள். உள்ளே இரும்பு தெரிந்தது.  மனுசனுக்கு எலும்பு தெரிகிற மாதிரி இருந்தது அது.

இரண்டு டியூப் பசை. இரண்டையும் சரிபாதியாகப் பிதுக்கி ஒரு கொட்டாங்குச்சியில் குழைத்து, தகரத் துண்டால் அள்ளி விரிசலுக்குள் அழுத்தினாள். மட்டத்துக்கு மேலே கொஞ்சம் மேடாக விட்டாள். காய்ந்த பிறகு ராவிச் சமமாக்கலாம் என்றாள்.

"இந்தப் பசை புடிக்குதுன்னு நம்பித்தான் கல்யாணப் பொண்ண ஏத்தப் போறியா? வளைவுல கையோட வந்துச்சுன்னா?"

"உள்ள இரும்பு முழுசா இருக்குய்யா. வண்டியத் திருப்புறது இரும்பு. இது கைக்குப் புடி, அவ்வளவுதான். உங்க கயிறு மட்டும் என்னத்தத் தாங்குச்சு?"

 வாயாடியிடம் எதற்குப் பேச்சு.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவை எடுத்தாள். போகும்போது தலையை வெளியே நீட்டி, "யாரும் தொட வேணாம். காயட்டும். நான் ஒரு நடை டவுனுக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்றாள்.

நான் தொடவில்லை. நான் டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது வாசலில் சாம்பிராணி வாசம். என் வீட்டுக்காரி சோலையம்மாள் வெள்ளிக்கிழமை என்றால் வீட்டில் இருக்கிற இரும்பு எதையும் விடமாட்டாள். அரிவாள்மனைக்குப் பொட்டு. மோட்டார் சுவிட்சுக்குப் பொட்டு. கிரைண்டருக்குப் பொட்டு. துர்கா ஆட்டோவுக்கு முன்னாலும் பின்னாலும் பொட்டு. கட்டிலில் ஸ்டீரிங் தனியாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறாள். பாவம், கல்யாணத்துக்குப் போகிற வண்டியின் தலை அல்லவா என்று நினைத்திருக்கிறாள். விளக்குக்கு ஊற்றுகிற நல்லெண்ணெயைத் துணியில் தொட்டு வளையம் பூராவும் பளபளவென்று துடைத்து, சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்துவிட்டாள். அதுவும் எங்கே. பசை அப்பின மூன்று இடத்திலும்.

"மாவு மாதிரி மெதுவா இருந்துச்சு. பொட்டு நல்லாப் புடிச்சிருச்சு" என்றாள் என்னிடம் பெருமையாக.

 என்ன நடக்கப்போகிறதோ நடக்கட்டும் என்று முக்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

துர்கா வந்து இறங்கினாள். கட்டிலைப் பார்த்தாள். பெருவிரலால் பசையின் ஓரத்தை நெம்பினாள். எண்ணெய் ஊறின இடத்தில் பசை தோல் உரிகிற மாதிரி எழும்பி வந்தது. நடுவில் குங்குமம் கட்டியாகச் சிக்கியிருந்தது.

"அம்மா."

"என்னடி?"

"யாரு எண்ணெய போட்டது?"

"வெள்ளிக்கெழமைல்ல. மூளியா கெடந்துச்சு."

"எண்ணெ பட்டா பசை ஒட்டாதும்மா. காலைலருந்து இடுப்பொடிய ராவுனேன்."

"சாமிக்கு வச்சது எப்படிடி ஒட்டாமப் போவும்?"

 துர்கா அம்மா முகத்தைப் பார்த்தாள். கோபம் பாதி, சிரிப்பு பாதி. பிறகு மறுபடி ரம்ப பிளேடை எடுத்தாள்.

"இதுக்குத்தான் சொன்னேன்" என்றேன். "விடு. கயித்தச் சுத்திருவோம்."

"கயிறு சுத்துன வண்டியக் கல்யாணத்துக்கு எவனும் கூப்புட மாட்டான்யா." தலையை நிமிர்த்தாமலே பேசினாள். "பொண்ணு மாப்பிள்ளை ஏறுனதும் மொதல்ல போட்டோ எடுக்கிறது எங்க தெரியுமா? டிரைவர் சீட்டுல மாப்பிள்ளைய உக்கார வச்சு, கைய ஸ்டீரிங்குல வைக்கச் சொல்லித்தான். அந்தக் கை எங்க படும்? இங்கதான். நான் பதிமூணு வருசமா பதினாறு பேர அடைச்சு ஏத்திக்கிட்டு, நிறுத்தத்துக்கு நிறுத்தம் கத்திக்கிட்டு ஓட்டுறேன். இத விட்டா எனக்கு அந்த ஆட்டோவ விட்டு எறங்க வேற வழி கெடையாது. சும்மா கயிறு கயிறுன்னுக்கிட்டு."

அவள் மூன்று விரிசலையும் மறுபடி சுரண்டினாள். தின்னரால் மூன்று தரம் கழுவினாள். குங்குமம் கரைந்து சிவப்பாக அவள் விரல் வழியே ஓடியது. பார்க்க நல்லா இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பாண்டிராஜ் வந்தான். தனியாக வரவில்லை. ஓட்டல்காரர் மெக்கானிக் இம்மானுவேலும் வந்திருந்தான். அவன் கையில் ஒரு புத்தம்புது ஸ்டீரிங், பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல்.

"அக்கா, ஒனக்கும் செரமம் வேணாம்" என்றான் பாண்டி. "சார் கோயம்புத்தூர்லருந்து வரவழைச்சிருக்காக. மாட்டுனா அப்பிடியே ஓட்டிட்டுப் போயிரலாம்."

"எங்க ஓட்டிட்டுப் போற?"

"ஓட்டலுக்கு."

"ஞாயித்துக்கெழமைதான பேச்சு?"

"நாளைக்கு யாரோ பெரிய ஆளுக வாராகளாம். காரு நிக்கணும்னு சார் சொல்றாக. ரெண்டு நாளு முந்திப் போனா என்னக்கா? எப்பிடியும் நீ பந்தல்குடி தாண்ட மாட்ட."

துர்கா சுரண்டுகிற கையை நிறுத்தவில்லை. "பேசுன பேச்ச மாத்துறவன் எனக்குத் தம்பியே இல்ல. போயி அந்தப் பக்கம் நில்லு, நெழல மறைக்காத."

"எனக்கும் பொண்டாட்டி புள்ளைக இருக்குக்கா. லாரி புக்கிங்ல உக்காந்து எத்தனை வருசம் போன் எடுத்துக்கிட்டே கெடக்கிறது?"

"ஒம் பொழப்புக்கு நான் காரத் தாரை வார்த்துக் குடுக்கணுமா?"

இம்மானுவேல் நல்ல மாதிரியான பையன்தான். சண்டைக்குள் வரவில்லை. நேரே காருக்குப் போய், ஸ்டீரிங் தண்டில் புது சக்கரத்தைச் செருகிப் பார்த்தான். பல்லோடு பல் பொருந்தியது. பாண்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"நட்டு எங்க?"

பாண்டி டேஷ்போர்டில் தேடினான். சீட்டுக்கு அடியில் தேடினான். கட்டிலுக்கு அடியில் கோழியை விரட்டித் தேடினான்.

"அக்கா, நட்டு?"

"எனக்குத் தெரியாது. அய்யாதான் கழட்டுனாக."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் முக்காலியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அய்யா, நட்டைக் குடுங்க."

"எந்த நட்டு?"

"வேற நட்டு ஒண்ணு வாங்கிட்டு வாரேன்" என்று இம்மானுவேல் கிளம்பப் பார்த்தான். அப்புறம் தண்டை விரலால் தடவி அவனே நின்றான். "மரை வேற மாதிரி இருக்கு. இது வெள்ளக்காரன் மரை. டவுன்ல கெடைக்காது."

"திருச்சுழில கேட்டுப் பாரு. நரிக்குடிக்கும் போயிட்டு வா" என்றேன்.

பாண்டி போனை எடுத்து யாருக்கோ போட்டான். கொஞ்சம் பேசிவிட்டு, ஸ்பீக்கரில் போட்டு என் முகத்துக்கு நேரே நீட்டினான். முதலாளி பேரன்.

"என்ன கோட்டைச்சாமி, ஏதோ தகராறு பண்றியாம்? அது எங்க தாத்தா காருப்பா."

அவருக்கு வயது முப்பது இருக்கும். எனக்கு எழுபத்து மூன்று. அவர் அப்பா கூட என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார், அது வேறு. இவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் நான் இவருக்குச் செருப்பு மாட்டிவிட்டிருக்கிறேன்.

"தம்பி, உங்க தாத்தா காருன்னா, உங்க தாத்தாவ வந்து கேக்கச் சொல்லுங்க. குடுத்துர்றேன்" என்றேன்.

 போன் பாண்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. பாண்டி ஸ்பீக்கரை அணைத்துக்கொண்டு மூலைக்குப் போய் "சார், சார்" என்று குனிந்துகொண்டிருந்தான். போனில் பேசுகிறவன் எதற்குக் குனிகிறான் என்று எனக்குப் புரியவில்லை.

மகளுக்காக நான் இதைச் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் பசையை நான் நம்பவில்லை. ஆனால் சொன்ன தேதிக்கு முன்னால் வந்து நிற்கிறவனை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நம்பவில்லை.

துர்கா இதற்குள் மறுபடி பசை குழைத்தாள். அவசரம். இரண்டு டியூப்பிலிருந்தும் ஒரே தடவையில் நிறையப் பிதுக்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கொட்டாங்குச்சி சூடாகி, உள்ளேயிருந்து புகை கிளம்பியது. சோலையம்மாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "சாமிக் குத்தம்டி" என்றாள்.

"பாத்தியா" என்றேன் நான்.

"கொஞ்சங்கொஞ்சமாக் கலக்குங்கக்கா" என்றான் இம்மானுவேல். "வெயிலுக்கு மொத்தமாக் கலந்தா கொதிச்சிரும். மிச்சம் இருந்தா நான் புடிக்கிறேன், நீங்க அப்புங்க."

"நீ ஓட்டல்காரக ஆளுல்ல?"

"ஆமா. அதுக்காகப் பசைய வீணாக்குவாகளா?"

டியூப்பின் அடியைச் சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கியதில் மூன்று விரிசலுக்கும் சரியாகத்தான் இருந்தது. நாலாவது இருந்திருந்தால் அம்போதான். பாண்டி மூலையிலிருந்து திரும்பி வந்தபோது, அவன் கூட்டி வந்த ஆளே அக்காவுக்கு ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். பாண்டி முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று தோன்றியது.

"நாளைக்கு ஆள் வரும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

"வரட்டும்" என்றாள் துர்கா.

இந்தத் தடவை அவள் நிழலில் வைக்கவில்லை. களத்து சிமெண்டில், உச்சி வெயிலில் வைத்தாள். அம்மாவை நாலு அடி தள்ளி உட்கார வைத்து, "காக்கா, கோழி, நீ, மூணு பேரும் இதுக்குக் கிட்ட வரக்கூடாது" என்றாள். சோலையம்மாள் கோபித்துக்கொண்டு சாப்பிடவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. குடை பிடித்துக்கொண்டு காவல் இருந்தாள்.

வெயில் தாழ்வதற்குள் பசை கல்லாகிவிட்டது. துர்கா அரத்தால் மேட்டை ராவினாள். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாள். முதலில் முரட்டுத்தாள், அப்புறம் மிருதுவான தாள். கறுப்புப் பெயிண்டு அடித்து நிமிர்ந்தபோது, விரிசல் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. கண் மங்கிப்போய்விட்டது, அதனாலும் இருக்கலாம்.

அந்த நேரத்துக்கு ஹபீப் ரகுமான் ஸ்கூட்டியில் வந்தார். இறங்கினவர் கார் பக்கம் போகவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, பாண்டி காலையில போன் பண்ணான். வண்டி வராதுன்னுட்டான். நான் மதுரைக்குப் பேசி வேற கார் சொல்லிட்டேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

காலையிலேயே. காரை எடுக்க வருவதற்கு முன்னாலேயே பையன் இந்த வேலையைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான்.

துர்கா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். ஸ்டீரிங்கை அதன் கம்பியைப் பிடித்துத் தூக்கிக் கொண்டுவந்து ஹபீபுக்கு முன்னால் பிடித்தாள்.

"பாருங்க மாமா. நீங்க சொன்ன பசைதான்."

ஹபீப் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். பெயிண்டு காயாததால் தொடவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "எங்க இருந்துச்சு?" என்றார்.

"சொல்ல மாட்டேன். நீங்களே கண்டுபிடிங்க."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அது சரித்தா. ஆனா அட்வான்ஸ் சொல்லியாச்சு. வந்த காரத் திருப்பி அனுப்ப முடியுமா? மாப்பிள்ளை வீட்டுல என்ன நினைப்பாக?"

"நீங்க யாரையும் திருப்பி அனுப்ப வேணாம். ஞாயித்துக்கெழமை நிக்காஹ் முடியிறப்ப இந்தக் காரு உங்க வாசல்ல பூக் கட்டி நிக்கும். ஆசிபா எதுல ஏறுதோ ஏறட்டும். ஏறலைன்னா நான் காலி வண்டிய ஓட்டிட்டு வந்துர்றேன். வழியில நிக்கலைன்னு ஊரு பாக்கும்ல."

ஹபீப் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன். என் மகள் வாய் அது.

"ஆசிபாகிட்டக் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை உதைத்தார். கேட்பாரா, கேட்கமாட்டாரா. வாசலில் நின்று சொல்லுகிற வார்த்தைக்கு ரோடு ஏறின பிறகு என்ன மதிப்பு.

பெயிண்டு கையில் ஒட்டாத பக்குவம் வந்ததும் துர்கா ஸ்டீரிங்கை என்னிடம் நீட்டினாள். "புடிச்சுப் பாருங்கய்யா."

வாங்கினேன். கவ்வுகிற இடத்தில் பெருவிரலை வைத்து அழுத்தினேன். கவ்வவில்லை. முட்டியில் கொடுத்து, இரண்டு கையாலும் ஒடிக்கிற மாதிரி வளைத்தேன். சோலையம்மாள் "அய்யோ" என்றாள். ஒரு நெறிப்புச் சத்தமும் வரவில்லை. வெயில் பக்கம் திருப்பி, அடிப்பக்கம் பார்த்தேன். கம்பிக்குக் கீழே, யார் கண்ணும் படாத மூலையில், பெயிண்டு எட்டாமல் ஒரு குங்குமப் புள்ளி பசையோடு பசையாகக் கெட்டித்துப் போயிருந்தது.

"எப்பிடி?" என்றாள்.

"இன்னைக்கு நல்லாத்தான் இருக்கும். பசை பசைதான். ரெண்டு வெயில் படட்டும்."

"சரி, மாட்டுவோம். நட்டைத் தாங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? மாட்டி வச்சாத்தான நாளைக்கு ஓட்டிப் பாக்கலாம்."

"மாட்டி வச்சா நாளைக்கு ஒந்தம்பி ஓட்டிட்டுப் போவான். ஞாயித்துக்கெழமை காலையில தாரேன்."

"அப்ப ஓட்டிப் பாக்காம எப்பிடிய்யா பொண்ண ஏத்துறது? என்னையுமா நம்பல?"

"ஆமா" என்றேன்.

ஸ்டீரிங்கை அவள் கையில் கொடுத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தேன். அவள் பின்னாலிருந்து "அய்யா" என்று கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். மடியில் நட்டு இடுப்பெலும்பை இடித்துக்கொண்டே வந்தது. பருத்திக்காட்டு ஓரத்தில் ஒரு பைக்கில் இரண்டு பேர் நின்று, எட்டத்திலிருந்தே எங்கள் வீட்டு வாசலைப் பார்த்துப் போனை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஓடுமா பெருசு?" என்றான் ஒருவன்.

"ஞாயித்துக்கெழமை பந்தல்குடிக்கு வந்து பாரு" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பசை காய்ந்துவிட்டதாம். காயட்டும், பார்ப்போம்.